எம்.ஜி.பி. காரின் ஸ்டீயரிங் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 5 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. பலருக்கு அதுவே வினையாகிவிடுகிறது. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் பெட்டி பெட்டியாகப் பாகம் வாங்கி மாட்டுகிறார்கள். ஆட்டம் அப்படியே இருக்கிறது. முதலில் அளந்து பாருங்கள், பிறகு கழற்றுங்கள். கீழே உள்ள எல்லாப் பதில்களும் அந்த வரிசையில்தான் போகின்றன.

1. ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கு. பழைய கார்தானே, இப்படித்தான் இருக்குமா?

இருக்காது. எம்.ஜி.பி.யில் இருப்பது ரேக் அண்ட் பினியன் அமைப்பு: ஸ்டீயரிங் தண்டோடு சுழலும் பினியன் என்ற சிறு பல்சக்கரம், ரேக் என்ற பல்வைத்த கம்பியை இடவலமாகத் தள்ளும். நல்ல நிலையில் இருக்கும் ரேக்கில் ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் சக்கரம் அசைய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். டேஷ்போர்டில் அதற்கு நேரே ஒரு குறி வையுங்கள். முன்சக்கரம் அசையாத அளவுக்கு மட்டும் இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி, டேப் நகரும் தூரத்தை ஸ்கேலால் அளங்கள். பிரிட்டனின் எம்.ஓ.டி. என்ற வண்டித் தகுதிச் சோதனை, 380 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங் கொண்ட ரேக் வண்டிக்கு 13 மி.மீ. வரைதான் விடுகிறது. அது தோல்விக்கான எல்லை. நல்ல நிலைக்கான அளவு அதைவிட வெகு குறைவு.

இந்த ஆட்டம் ஒரே இடத்திலிருந்து வருவது அபூர்வம். காலம் (ஸ்டீயரிங் தண்டு) ஜாயிண்ட், பினியன், உள் பால் ஜாயிண்ட் (ரேக் கம்பியை டை ராடோடு சேர்க்கும் பந்து இணைப்பு), டை ராடு எண்டு (டை ராடின் வெளிமுனைப் பந்து இணைப்பு), கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் நெட்டுத்தண்டு), வீல் பேரிங் என்று ஆறு இடங்களிலும் ஒரு மில்லிமீட்டரில் சிறு சிறு பங்கு தேய்ந்தாலே போதும், அவ்வளவும் கூடி உங்கள் கையில் ஒரே ஆட்டமாக வந்து நிற்கும்.

2. எங்கே ஆட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெக்கானிக் சக்கரத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டு எல்லாம் போச்சுங்கிறார்.

இரண்டு பேர் வேண்டும். முதல் சோதனையில் வண்டியைத் தூக்க வேண்டாம், நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக இடவலமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைக்கும் விதம் முக்கியம்: விரல் நுனியின் பாதி ஒரு பாகத்தின் மீதும் மறுபாதி அடுத்த பாகத்தின் மீதும் இருக்கட்டும். டை ராடு எண்டில் என்றால் பாதி விரல் கூட்டின் மீது, பாதி ஸ்டீயரிங் ஆர்ம் (டை ராடு வந்து சேரும், சக்கரத்தைத் திருப்பும் கை) மீது. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் விரலில் ஒன்றும் தெரியாது. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் சின்ன 'டிக்' விரலில் படும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும்.

மேலிருந்து கீழாக வாருங்கள்: காலத்தின் யுனிவர்சல் ஜாயிண்ட், பினியன் தண்டு, ரேக்கை கிராஸ் மெம்பரில் (முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில்) பிடித்திருக்கும் போல்ட்கள், ரப்பர் பூட்டுக்குள் (உறைக்குள்) இருக்கும் உள் பால் ஜாயிண்ட், வெளிப்புற டை ராடு எண்டு, அதன் பிறகு ஸ்டீயரிங் ஆர்ம் போல்ட்கள். பார்த்ததை உடனே எழுதி வையுங்கள். ரேக் பிடிமானம் லூசாக இருப்பதை விட்டுவிட்டு ரேக்கையே மாற்றுகிறவர்கள் உண்டு.

3. ஜாக்கி எங்கே வைக்கணும்? வீல் தொங்கினா போதும்தானே?

கிங் பின் சோதனைக்கு அது போதாது. முன் காயில் ஸ்பிரிங் கீழ் விஷ்போனை (சக்கரத்தைத் தாங்கும் கவட்டைக் கையை) அழுத்திக்கொண்டே இருக்கிறது. சேசிஸில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் அந்த விசை இணைப்புகளை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடலாம். சோதனைக்கு ஜாக்கியை ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் வைத்து, டயர் தரையை விட்டுச் சற்றே எழும்பும்வரை தூக்குங்கள். கூடவே சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு போடுங்கள், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்காதீர்கள்.

4. டயரை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா லொடலொடங்குது. வீல் பேரிங்கா, கிங் பின்னா?

உதவிக்கு இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங் பின் அல்லது அதற்கு மேலும் கீழும் உள்ள இணைப்பு. பிரேக் பிடிக்கும்போது கேலிப்பர் டிஸ்க்கைக் கவ்வி, ஹப்பையும், அது சுழலும் ஸ்டப் ஆக்ஸில் என்ற குட்டை அச்சையும் ஒன்றாக்கிவிடுகிறது. பேரிங்கின் ஆட்டம் அதோடு அடங்கிவிடும், கிங் பின்னின் ஆட்டம் மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியது எங்கிருந்து என்று பார்க்க, டயரை ஆட்டும்போது கிங் பின்னின் மேல் முனை, கீழ் முனை இரண்டிலும் 2-ஆம் பதிலில் சொன்னபடி விரல் வையுங்கள். அடுத்து டயருக்கு அடியில் ஒரு நீளமான கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ஸ்டப் ஆக்ஸில் கிங் பின்மீது மேலே ஏறி இறங்கினால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. கிங் பின்னும் சேர்ந்து ஏறினால், அதைக் கீழ் விஷ்போனோடு சேர்க்கும் இடத்திலுள்ள ஃபல்க்ரம் புஷ்.

5. பேரிங்தான்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினா சரியாயிடுமா?

இந்த வண்டியில் அது நடக்காது. முன் பேரிங்குகள் டேப்பர் ரோலர் வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பேசரும் (இடைக்குழாயும்) அதோடு ஷிம்களும் (மெல்லிய தகடுகளும்) உண்டு. ஹப் நட்டை 54 முதல் 95 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, ஸ்ப்லிட் பின் துளை நேராக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இடைவெளியைத் தீர்மானிப்பது ஷிம், நட்டு அல்ல. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் எண்டு பிளே (அச்சின் நீளவாக்கில் உள்ள ஆட்டம்) 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கலாம். அதிகமென்றால் ஷிம்மைக் குறையுங்கள், சக்கரம் கனமாகச் சுழன்றால் ஷிம்மைக் கூட்டுங்கள். சிலர் ஸ்பேசரையும் ஷிம்மையும் எடுத்தெறிந்துவிட்டு நட்டை லேசாக விட்டு ஓட்டுகிறார்கள். ஸ்பேசர் அந்த மெல்லிய ஆக்ஸில் முனைக்குப் பலம் கொடுக்கும் பாகம். அதை எடுக்காதீர்கள்.

6. கிங் பின் புதுசு, புஷ் புதுசு, ஆனாலும் மேல்பக்கம் ஆட்டம் போகலை. ஏன்?

ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். எம்.ஜி.பி.யில் மேல் விஷ்போன் என்று தனியாக எதுவும் கிடையாது. லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கைகளே மேல் விஷ்போன் வேலையையும் செய்கின்றன. அதன் குறுக்குத் தண்டு தேய்ந்தால் சக்கரத்தின் மேல்முனை உள்ளும் வெளியுமாக ஆடும், அச்சு அசலாகக் கிங் பின் ஆட்டம் போலவே. தண்டு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, கை வேரோடு அசைகிறதா என்று பாருங்கள். எண்ணெய் ஊற்றினால் தண்டுத் தேய்மானம் சரியாகாது. புதிய தண்டும் புஷ்ஷும் போட்டுப் புதுப்பித்த அலகுதான் மாட்ட வேண்டும்.

கிங் பின்னின் மேல்முனையை ஷாக் அப்சார்பர் கையோடு சேர்க்கும் மேல் டிரன்னியனின் ரப்பர் புஷ்களையும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் பட்டு ஊறிய ரப்பர் அல்வா மாதிரி குழைந்திருக்கும்.

7. டயரை இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினா மட்டும் சத்தம் வருது. டை ராடு எண்டு மாத்திடலாமா?

மாற்றுவதற்கு முன் உள் பால் ஜாயிண்ட்டைச் சோதியுங்கள். ரேக்கின் ரப்பர் பூட்டை விரலால் அமுக்கி, உள்ளே இருக்கும் பால் கூட்டைத் தொட்டுக்கொண்டே டயரை ஆட்டச் சொல்லுங்கள். டை ராடு நகர்ந்து ரேக் கம்பி நகராவிட்டால் கோளாறு உள்ளே. ஸ்டீயரிங் ஆர்ம் நகர்ந்து டை ராடு மட்டும் பிந்தினால் வெளி எண்டு.

எண்டில் ஆட்டமே இல்லாவிட்டாலும் அதன் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மண்ணும் தண்ணீரும் புகுந்தபின் அந்த ஜாயிண்ட் அதிக நாள் தாங்காது.

8. டை ராடு எண்டைக் கழற்றவே முடியலை. எவ்வளவு அடிச்சாலும் அசையலையே?

பால் பின்னின் நுனியில் அடிப்பதால்தான் அசையவில்லை. அங்கே அடித்தால் மரை சிதையும், டேப்பர் (கூம்பாகச் சரிந்து இறுகியிருக்கும் பகுதி) விடாது. நட்டை முழுதாக எடுக்காமல் சில மரைகளில் நிற்கவிட்டு, பால் பின் நுழைந்திருக்கும் ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணில் (துளை வளையத்தில்) அடிக்க வேண்டும். கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். கண் ஒரு கணம் முட்டை வடிவத்துக்கு நெளிந்து டேப்பரை விட்டுவிடும். ஸ்க்ரூ வகை செபரேட்டர் இருந்தால் அதை இறுக்கி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் தட்டுவது இன்னும் சுலபம். கவட்டை வடிவ ஆப்பு ரப்பரைக் கிழித்துவிடும்; தூக்கி எறியப்போகும் எண்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மாட்டும்போது நட்டோடு பால் பின்னும் சேர்ந்து சுற்றினால், எண்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து டேப்பரைக் கண்ணுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். நைலான் வளையம் உள்ள நட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

9. புது எண்டை எத்தனை சுத்து உள்ளே விடணும்?

பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்ததோ அத்தனையே. லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அதன் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆனால் இது வண்டியை அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை ஓட்டிப்போவதற்கான கணக்குதான். புதிய எண்டின் கூடு பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்று உள்நோக்கி இருக்கும் அளவு) மாறிவிடும். அளப்பது எப்படி என்பது 16-ஆம் பதிலில் இருக்கிறது.

10. ரேக் பூட் கிழிஞ்சிருக்கு. பூட் மட்டும் மாத்தினா போதுமா?

கிழிந்து சில நாட்கள்தான் ஆகிறது, உள்ளே எண்ணெய் சுத்தமாக இருக்கிறது என்றால் போதும். பூட்டைக் கழற்றியதும் உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் தண்ணீர் கலந்த சேறு வந்தால் ரேக்கைக் கழற்றி, பிரித்துக் கழுவிப் பற்களைப் பார்க்க வேண்டும். ரேக் கம்பியின் பற்களில் துருக்குழி விழுந்திருந்தால் அந்தக் கம்பி முடிந்தது.

புது பூட் மாட்டியபின் எண்ணெய் ஊற்ற மறந்துவிடுகிறார்கள். இந்த ரேக்குக்குச் சுமார் 0.19 லிட்டர் இ.பி. 90 கியர் ஆயில் பிடிக்கும். ஒரு பக்கப் பூட்டின் வெளிக் கிளிப்பைத் தளர்த்தி, எண்ணெய்க் குப்பியின் மூக்கை உள்ளே விட்டு மெதுவாக ஊற்றி, ஸ்டீயரிங்கை நிதானமாக இருபக்கமும் திருப்புங்கள். நிதானம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் இரண்டும் தூக்கியிருக்கும்போது ஸ்டீயரிங் கனமே இல்லாமல் சுழலும். வேகமாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுற்றினால், உள்ளே இருக்கும் எண்ணெய் ஒரு பூட்டுக்குள் மொத்தமாகப் பாய்ந்து புதுப் பூட்டையே வெடிக்க வைத்துவிடும்.

11. மேடு பள்ளத்துல ரேக்கிலிருந்து கடகடன்னு சத்தம். ரேக் புதுசு போடணுமா?

முதலில் ரேக் டேம்பரைச் சரிசெய்து பாருங்கள். பினியனுக்கு எதிரே ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ், ரேக் கம்பியைப் பினியனோடு அழுத்திப் பிடித்திருக்கும். அது தேயத் தேயப் பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், சத்தம் வரும். மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் ஷிம்களையும் எடுத்துவிட்டு, குமிழையும் மூடியையும் மட்டும் வைத்துப் போல்ட்களைச் சமமாக இறுக்குங்கள். பினியனைத் திருப்பும்போது லேசாகப் பிடிக்கிறது என்ற நிலை வந்ததும் நிறுத்துங்கள். மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் சந்தை ஃபீலர் கேஜால் அளந்து, பணிமனைக் கையேட்டில் சொன்ன சிறு இடைவெளியைக் கூட்டி, அந்த மொத்தத் தடிமனுக்கு ஷிம் போட்டு, ஸ்பிரிங்கோடு மூடுங்கள்.

இதை ரேக்கின் நடுவில் மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று எண்ணாதீர்கள். வண்டி பெரும்பாலும் நேராக ஓடுவதால் கம்பியின் நடுப்பற்களே அதிகம் தேயும். நடுவில் ஆட்டமில்லாமல் ஷிம் வைத்தால் ஓரங்களில் இறுகிப்போகும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, எங்கே அதிகம் பிடிக்கிறதோ அந்த இடத்துக்கு ஷிம் வையுங்கள். அப்படி வைத்தபின் நடுவில் ஆட்டம் மிஞ்சினால் ரேக் கம்பியும் பினியனும் மாற வேண்டியவை. ஷிம்மை இன்னும் குறைத்து அதை மறைக்கப் பார்த்தால் வளைவில் ஸ்டீயரிங் சிக்கிக்கொள்ளும். அது ஆட்டத்தைவிட ஆபத்து.

12. உள் பால் ஜாயிண்ட்டை இறுக்க முடியுமா, இல்லை மாத்தணுமா?

பால், கிண்ணம், ஷிம், ஸ்பிரிங் எல்லாம் ஒரு கூட்டுக்குள் இருக்கின்றன. லாக் வளையத்தின் மடக்கிய விளிம்பை நிமிர்த்திக் கூட்டை விடுவித்துப் பிரித்தால் பாலைப் பார்க்கலாம். பளபளவென்று உருண்டையாக இருந்தால் கிண்ணத்தை மாற்றி மீண்டும் இறுக்கலாம். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் டை ராடையே மாற்ற வேண்டும். இறுக்கம் சரியா என்று பார்க்க, டை ராடைக் கையால் கிடைமட்டமாகத் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழுந்தால் லூஸ், அந்தரத்தில் நின்றால் அதிக இறுக்கம், தயங்கித் தயங்கி இறங்கினால் சரி. முடிவாக லாக் வளையத்தின் விளிம்பைக் கூட்டின் பள்ளத்துக்குள் 'பஞ்ச்' எனும் இரும்பு உளியால் அடித்து மடக்க மறக்காதீர்கள். பூட் போட்டபின் அது கண்ணில் படாது. அவிழ்ந்துவிட்டால் சக்கரம் உங்கள் சொல் கேட்காது.

13. ரேக்கைக் கழற்றினப்ப அடியில மெல்லிசா தகடுகள் விழுந்தது. அதைப் போடாம விட்டா என்ன ஆகும்?

அவை ரேக்குக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே வைத்த ஷிம்கள். காலத் தண்டின் கோடும் பினியன் தண்டின் கோடும் யுனிவர்சல் ஜாயிண்ட்டின் மையத்தில் சந்திக்க வேண்டும் என்பதற்காக ஆலையில் அளந்து வைத்தவை. எங்கிருந்து எது வந்தது என்று குறித்து அதே இடத்தில் போடுங்கள். விட்டுவிட்டால் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இழுபடும், ஸ்டீயரிங் ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் லேசாகவும் இருக்கும், சீக்கிரமே ஜாயிண்ட்டும் பினியன் பேரிங்கும் போய்விடும்.

யுனிவர்சல் ஜாயிண்ட்டின் பிஞ்ச் போல்ட் தண்டின் பள்ளத்தின் வழியே குறுக்காகப் போக வேண்டும். ஸ்ப்லைனில் (தண்டின் நெட்டுவாக்குப் பற்களில்) கவ்விப் பிடிப்பதோடு, தண்டு நழுவாமல் தடுப்பதும் அந்தப் போல்ட்தான். காலத்தைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். மோதலில் மடங்கும் வகையான பிற்காலத்துக் காலங்கள் அந்த அடியிலேயே உள்ளே பழுதாகிவிடும்.

14. கிரீஸ் எப்பவெல்லாம் அடிக்கணும்? அடிக்கிறேன், வெளியே வரவே மாட்டேங்குது.

5,000 கி.மீ.க்கு ஒருமுறை. வண்டி குறைவாக ஓடினால் ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் முனைகள்): கிங் பின் மேல் புஷ், கீழ் புஷ், அடியில் ஃபல்க்ரம் புஷ். சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால், வண்டியின் கனம் முழுவதும் மேல் டிரன்னியனுக்கு அடியிலுள்ள த்ரஸ்ட் வாஷரை அழுத்திக்கொண்டிருக்கும். மிகவும் தேவைப்படும் அந்த முகத்துக்கு மட்டும் கிரீஸ் போகாது. தூக்கி, கனத்தை எடுத்துவிட்டு அடியுங்கள். நடுவில் சக்கரத்தை இருபக்கமும் திருப்பிவிட்டு மீண்டும் அடியுங்கள். பழைய கருப்பு கிரீஸ் வெளியேறிப் புதிய நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும்.

வெளியே வராவிட்டால் நிப்பிளைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவேதான் அடைத்திருக்கும். புது நிப்பிளிலும் வராவிட்டால் உள்ளே கிரீஸ் கல்லாகியிருக்கிறது, அல்லது முன்பு புஷ் போட்டவர் துளையை நேராக வைக்கவில்லை. இரண்டாவது காரணமென்றால் அந்தப் புஷ் மாட்டிய நாளிலிருந்தே காய்ந்துதான் ஓடியிருக்கிறது.

15. கிங் பின்னை நானே மாத்தலாமா? எவ்வளவு கஷ்டம்?

கழற்றி மாட்டுவதை நிதானமுள்ள யாரும் செய்யலாம். புஷ்களை ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு அறுக்கும் கருவி) போடுவது மட்டும் வேறு விஷயம். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டின் உள்விட்டமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் அறுக்கும், வழிகாட்டித் தண்டுள்ள ரீமர் வேண்டும். சாதாரண ரீமரால் ஒவ்வொன்றாக அறுத்தால் துளைகள் கோணிக்கொள்ளும், புதுக் கிங் பின் இரண்டு விளிம்புகளில் மட்டும் உரசி ஓடும். ரீமர் இல்லாவிட்டால் ஸ்டப் ஆக்ஸிலையும் கிங் பின்னையும் லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது புஷ் போட்டு அளவெடுத்த ஸ்டப் ஆக்ஸிலோடு சேர்ந்த ஜோடியாக வாங்குங்கள். புஷ்ஷை அழுத்தும்போது, கிரீஸ் பள்ளத்தின் திறந்த முனை முதலில் நுழைய வேண்டும், புஷ் துளை நிப்பிள் துளைக்கு நேரே வர வேண்டும்.

கழற்றும் வரிசை இது. சேசிஸ் ஸ்டாண்டில், ஜாக்கி ஸ்பிரிங் தட்டில். கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஹப், டிஸ்க், தூசித் தகடு, ஸ்டீயரிங் ஆர்ம் எல்லாம் எடுத்தபின், ஷாக் அப்சார்பர் கையின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி மேல் டிரன்னியனை விடுவிக்க வேண்டும். இந்தக் கணத்திலிருந்து ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது உங்கள் ஜாக்கி மட்டும்தான். அதை இறக்கவோ இடிக்கவோ கூடாது. கடைசியில் கீழ் ஃபல்க்ரம் போல்ட். அது உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருப்பதுதான் வழக்கம். இரண்டு நாள் முன்பே ஊடுருவும் எண்ணெய் அடித்து வைத்தும் வராவிட்டால், விஷ்போனுக்கும் கிங் பின்னுக்கும் நடுவே வாளால் இருபுறமும் அறுத்துவிடுவதே நேர்வழி. போல்ட்டும் குழாயும் எப்படியும் புதிதுதானே.

மாட்டும்போது இரண்டு அளவுகளைக் கவனியுங்கள். மேல் டிரன்னியனை இறுக்கியபின் ஸ்டப் ஆக்ஸில் தடையில்லாமல் சுழல வேண்டும், ஏற்ற இறக்கம் 0.05 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. த்ரஸ்ட் வாஷர்கள் பல தடிமன்களில் கிடைப்பது இதற்காகத்தான். கீழே உள்குழாய் புஷ்ஷைவிடச் சற்று நீளம், ஃபல்க்ரம் போல்ட்டை முழுதாக இறுக்கியபின்னும் 0.2 முதல் 0.3 மி.மீ. எண்டு பிளே இருக்க வேண்டும். அங்கே அந்த ஆட்டம் குறையல்ல, தேவை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை மட்டும் கடைசியாக, வண்டி தன் கனத்தில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

16. வீட்டிலேயே டோ-இன் பார்க்க முடியுமா?

நன்றாகவே முடியும். எம்.ஜி.பி.க்கு வேண்டியது 1.5 முதல் 2.3 மி.மீ. டோ-இன். சமதளத்தில் நிறுத்தி, வண்டியை முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் தள்ளி அளந்தால் ஜாயிண்ட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தப்பான அளவு வரும். ரிம்மின் முன் விளிம்பில், ஹப்பின் உயரத்தில் இருபுறமும் சாக்பீஸால் குறியிட்டு இடைத்தூரத்தை அளங்கள். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகள் பின்புறம் வந்ததும் மறுபடி அளங்கள். ஒரே புள்ளிகளை இரண்டு முறையும் அளப்பதால் ரிம் நெளிவு கணக்கில் நுழையாது. பின்னளவிலிருந்து முன்னளவைக் கழித்தால் டோ-இன்.

இந்த வண்டியில் ரேக் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் டை ராடைக் குறுக்கினால் டோ-இன் கூடும், நீட்டினால் குறையும். இருபுறமும் ஒரே அளவு திருப்புங்கள். இரண்டும் வலதுகை மரைதான். திருப்பும் முன் பூட்டின் வெளிக் கிளிப்பைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பூட் முறுக்கிக்கொள்ளும்.

17. அலைன்மென்ட் முடிஞ்சு வண்டி நேரா போகுது, ஆனா ஸ்டீயரிங் கோணலா இருக்கு. ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேரா மாட்டிடலாமா?

வேண்டாம். ரேக் நடுவில் இருக்கும்போது ஸ்டீயரிங் நேராக இருந்ததா என்று முதலில் பாருங்கள். இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் சுற்றுக்களை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். அங்கே ஸ்டீயரிங் நேராக இருந்தால் காலம் சரி, டை ராடுகளில் ஒன்று நீளம், மற்றது குட்டை. ஒன்றைக் குறுக்கிய அளவுக்கே மற்றதை நீட்டுங்கள். டோ-இன் மாறாது, ஸ்டீயரிங் நேராகும். ஸ்ப்லைனில் ஸ்டீயரிங் வீலை மாற்றி மாட்டினால் கோணல் மறையும், ஆனால் வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

18. எல்லாம் புதுசு போட்டாச்சு, இப்ப ஸ்டீயரிங் கனமா இருக்கு, வளைவு முடிஞ்சா தானா திரும்பி வரலை.

எங்கோ அதிகம் இறுக்கியிருக்கிறீர்கள். இந்த வண்டிக்கு 7 டிகிரி காஸ்டர் (கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) உண்டு. உராய்வு அதிகமில்லாவிட்டால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வந்தே தீரும். முன்பக்கத்தைத் தூக்கி, டை ராடு எண்டைக் கழற்றிவிட்டு, ஹப்பை ஒரு விரலால் தள்ளுங்கள். வெண்ணெயில் கத்தி போலச் சீராகத் திரும்பினால் கிங் பின் சரி. ஒரு இடத்தில் நின்றாலோ கரகரத்தாலோ த்ரஸ்ட் வாஷர் தடித்தது, அல்லது புஷ் கோணல். அங்கே குறையில்லை என்றால் எண்டு கழன்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். கனம் இப்போதும் இருந்தால் ரேக் ஷிம் (பதில் 11) அல்லது யுனிவர்சல் ஜாயிண்ட் (பதில் 13). அதற்கும் முன்னால் டயரின் காற்றைப் பாருங்கள்.

19. 90, 100 கி.மீ. வேகத்துல ஸ்டீயரிங் நடுங்குது. எதை மாத்தணும்?

பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டாம். வீல் பேலன்ஸ், டயரின் வீக்கம், கம்பிச் சக்கரமாக இருந்தால் அதன் நெளிவு, இந்த வரிசையில் பாருங்கள். தேய்ந்த ஜாயிண்ட் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் நடுக்கத்தைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது. அதனால் ஜாயிண்ட் மாற்றியதும் நடுக்கம் குறைந்தாலும், மூல காரணம் சக்கரத்தில் அப்படியே இருக்கலாம்.

கம்பிச் சக்கரத்தில் இன்னொன்று. பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் 'டொக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் ஹப் ஸ்ப்லைன் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, டயரை முன்னும் பின்னும் சுற்றப் பாருங்கள். ஹப் நிற்க, சக்கரம் மட்டும் நகர்ந்தால் அதுதான். ஸ்ப்லைன் பல்லின் நுனி கத்தி போலக் கூராகியிருந்தால் ஹப்பும் சக்கரமும் ஜோடியாக மாற வேண்டும். பழைய சக்கரத்தைப் புது ஹப்பில் போட்டால் புதியதையும் அது தின்றுவிடும்.

20. என்னோடது எம்.ஜி.பி. இல்லை. ஸ்பிட்ஃபயர், மிட்ஜெட், பழைய பாக்ஸ் ஸ்டீயரிங் வண்டிகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சோதிக்கும் முறை பொருந்தும், பாகங்கள் மாறும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் கிங் பின் கிடையாது. நெட்டுத்தண்டின் அடிமுனை ஒரு வெண்கல டிரன்னியனுக்குள் மரையாக இறங்குகிறது. அதற்கு கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் அடி மரைவரை போகாமல் தங்கிவிட, தண்ணீர் புகுந்து துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். இடம், வலம் இரண்டுக்கும் மரைத் திசை வேறு, மாற்றிப் போட முடியாது. மாட்டும்போது டிரன்னியனை முழுதாக ஏற்றிவிட்டு, இருபக்கமும் முழுதாகத் திரும்ப இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். எம்.ஜி. மிட்ஜெட்டில் கிங் பின் உண்டு, ஆனால் கீழ் ஃபல்க்ரம் பின் விஷ்போனுக்குள் மரையாகப் போகிறது. கிரீஸ் இல்லாமல் விட்டால் அந்த மரை தேயும், அப்போது பின்னை மட்டும் மாற்றினால் போதாது, விஷ்போனையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆஸ்டின் ஹீலி 3000, ட்ரையம்ஃப் டி.ஆர்.3 போன்ற, ரேக்குக்குப் பதில் மூடிய ஸ்டீயரிங் பெட்டி உள்ள பாக்ஸ் வண்டிகளில் மூடிமேல் ஒரு சரிசெய்யும் ஸ்க்ரூ இருக்கும். சக்கரம் நேராக இருக்கும் நிலையில் மட்டும் அதைத் தொடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வார்ம் (திருகுத் தண்டு) நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் தளர்வாகவும் இருக்கும்படி வெட்டப்பட்டது. நடுப்பகுதி மிகத் தேய்ந்தபின் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போனால், 11-ஆம் பதிலில் ரேக்குக்குச் சொன்ன அதே சிக்கல் இங்கும் வரும்: நடுவில் சரி, திருப்பத்தில் பிடிப்பு. ஸ்க்ரூவைத் தொடும் முன் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள், கசிந்து காலியாக ஓடும் பாக்ஸ்கள் ஏராளம். டிராப் ஆர்ம் (பெட்டியிலிருந்து வெளிவரும் கை), ஐட்லர் (அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் துணைக் கை) இரண்டையும் 2-ஆம் பதிலின் விரல் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸ்மேல் பழி போடும் ஆட்டத்தில் பெரும்பகுதி ஐட்லரில் இருக்கும்.